லூயிசா கேம்புக்குப் போனது

எங்கள் கூலி லைனில் லூயிசாவைத் தேட வேண்டுமானால் தரையில் தேடக் கூடாது, அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையில் கீற்று செருகுகிறேன் என்று ஏறியிருப்பாள். இல்லையென்றால் புளியமரத்தில் இருப்பாள். அங்கேயும் இல்லையென்றால், கல் அரைக்கும் மில்லுக்குப் பின்னால் கொட்டி வைத்த கல்மேட்டின் உச்சியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாலகாட் சுரங்கத்துப் பக்கம் புகை எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வாணியம்பாடிப் பக்கம் மலையடிவாரத்தில் பிறந்தவள், ஆடு மேய்த்த கால். பர்னபாசுக்குக் கட்டிக்கொடுத்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இந்த ஊரில் எல்லாரும் தங்கச் சுரங்கத்துக்குள் கீழே இறங்கிப் பிழைக்கிறவர்கள். அவள் ஒருத்திக்குத்தான் மேலே ஏறினால் மூச்சு வரும்.

பர்னபாஸ் நல்லவன், வாயில்லாதவன். ஷிப்டு முடிந்து கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்தானென்றால், வீட்டில் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் என்ன நடந்திருந்தாலும் அவனிடம் பதில் ஒன்றுதான் இருக்கும். "நான் கீழ இருந்தேன். எனக்கு இன்னா தெரியும்?"

அவன் அம்மா சவரியம்மா. கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், நீங்களும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவளுக்கு வாய் பெரிது, பயம் அதைவிடப் பெரிது, அவ்வளவுதான். மருமகள் பகலில் ஒரு துரை பங்களாவில் குழந்தை பார்க்கும் ஆயா வேலைக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குக் கூடத் தனியாகப் போகக் கூடாது.

இப்படி இருந்தவளுக்கு அந்தரகங்கை மலையைப் பற்றிச் சொன்னது நான்தான். கோலாருக்குப் பக்கத்தில் இருக்கிற மலை. மழை விட்டதும் எங்கள் லைனிலிருந்து வண்டி கட்டிப் போவோம். சாமி பாதி, வேடிக்கை பாதி. கல்லில் செய்த மாட்டின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியும் என்கிறவன் பொய் சொல்கிறான். அங்கேயே மூன்று கல் வைத்துப் பொங்கித் தின்று, மண்டபத்தில் படுத்து, விடிந்ததும் மேலே குகைகளைப் பார்க்க ஏறுவோம். பாறை மேல் பாறை, நடுவில் தவழ்ந்து போக ஒரு சந்து. இதையெல்லாம் தண்ணீர் எடுக்கிற இடத்தில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து லூயிசாவுக்குத் தூக்கம் போயிற்று.

"அத்தே, ஒரே ஒரு வாட்டி கிருஷ்ணம்மா அக்காகூடப் போய்ட்டு வந்துடறேன்."

"அது அவங்க மலை. நமக்கு அங்க இன்னாடி வேலை?"

"பேரு எழுதியா வெச்சிகீறோம், பெரிம்மா?" என்று நான் கேட்டேன்.

"நீ சும்மா கெட, கிருஷ்ணம்மா. பொம்பளைக்குக் கால் தரையில இருக்கணும். இவ ஏற்கெனவே கொரங்கு, வால் மொளைக்காத கொறைதான்."

இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று. அப்புறம் பிளேக்கு வந்தது.

அந்த வருஷத்தை நான் நீட்டிச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். சந்தேகம் என்றால் ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தக் கொட்டகைக்குப் பெயர் கேம்பு. வெள்ளைக்காரன் அந்த வார்த்தையை எதற்கெல்லாம் வைத்திருக்கிறானோ, எங்கள் லைனில் அதற்கு அர்த்தம் அது ஒன்றுதான். குழந்தை சோறு உண்ணவில்லையென்றால் "கேம்புக்காரன் வரான்" என்போம், அது மூன்று வாயில் முழுங்கிவிடும்.

பிளேக்கு கொஞ்சம் அடங்கி, மழையும் விட்டிருந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் லூயிசா வேலை செய்யும் பங்களாவின் பட்லர் மாணிக்கராஜ் வந்தான். வெள்ளைச் சட்டைக்காரன், எங்கள் சேற்றில் கால் வைக்க மாட்டான். லைனின் முனையிலேயே நின்று மில் சங்கு மாதிரிக் கத்தினான்.

"லூயிசா! நாளைக்குக் காலைல கேம்பு! பாய் எடுத்துக்கோ, போர்வை எடுத்துக்கோ! அஞ்சு நாள் ஆவும்!"

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். லைன் முழுக்கப் படபடவென்று தட்டிக் கதவுகள் சாத்திக்கொண்டன. தெருவில் ஒரு சேவல் மட்டும்தான் மிச்சம்.

சவரியம்மா களி கிண்டிய துடுப்போடு வெளியே வந்தாள். "இன்னாடி சொல்லிட்டுப் போறான் அவன்?"

துரைசானி அந்தரகங்கை மலையில் துணிக்கூடாரம் போட்டுத் தங்கிப் படம் எழுதப் போகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வர வேண்டும், சங்கதி அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் லூயிசா வாயைத் திறந்தாள். மலை என்ற சொல் நுனி நாக்குவரை வந்துவிட்டது. மாமியார் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கேம்புக்கு வரச் சொல்றாங்க, அத்தே."

"யாரையெல்லாம்?"

"தொரசானி, கொழந்தை, நானு, மாணிக்கராஜு, அல்லாரையும்."

"தொரசானியுமா!"

"அவங்கதான் மொதல்ல போறாங்க."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை, பாருங்கள். இதைச் சாகும்வரை என்னிடம் சாதித்தாள் அவள்.

சவரியம்மா ஓரடி முன்னால் வந்தாள், இரண்டடி பின்னால் போனாள். கட்டிக்கொள்ள ஆசை, தொடப் பயம். கடைசியில் கையிலிருந்த துடுப்பை நீட்டி அதாலேயே மருமகள் தோளைத் தடவிக்கொடுத்தாள். புடவையெல்லாம் களி. புதுப் பாய், ஊறுகாய், கருவாட்டு மூட்டை, ஜெபமாலை எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே வீசினாள். லூயிசா ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

ஷிப்டு முடிந்து வந்த பர்னபாசை லூயிசா வழியிலேயே மடக்கி அவன் காதில் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. "அழாதடா, ராசா," என்று அவன் அம்மாவும் சேர்ந்து அழுதாள். அவன் அழவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

மறுநாள் லூயிசா போனதும் சவரியம்மா என் வீட்டுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாதாகிட்ட சொல்லிட்டேன். செபஸ்தியார்கிட்டயும் சொல்லிட்டேன். இருந்தாலும், உங்க மலையில ஒருத்தர் கீறாரு இல்ல?"

"எந்த மலையில, பெரிம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதடி. மருமவ உசுரோட வந்தா அவளையும் கூட்டிகினு வந்து அந்த மாட்டு வாய்த் தண்ணியில ரெண்டு பேரும் தலை முழுவறோம்னு அவருகிட்ட சொல்லு. நான் சொன்னா எங்க ஃபாதர் காதுக்குப் போயிடும். நீ சொன்னா போவாது."

"அவ மலைக்குப் போறேன்னு கேட்டப்போ..."

"இப்போ அதப் பேசற நேரமாடி?"

கோலார் இருக்கிற திசை பார்த்து நின்று நானே உரக்கச் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று, சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் லூயிசா மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பவுரிங்பேட்டையில் இறங்கி, மாட்டுவண்டியில் கால் ஆட்டிக்கொண்டு போனாள். மலையில் துணி வீடு மூன்று போட்டார்களாம். துரைசானி முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரே பாறையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தாளாம். "கல்லு எதிர்க்கவே கீது, அதுக்கு இன்னாத்துக்கு இன்னொரு கல்லு?" என்று லூயிசா கேட்டதற்கு மாணிக்கராஜ் அவளை முறைத்தானாம். அவன் சிறுத்தைக்குப் பயந்து வண்டியை விட்டு இறங்கவே இல்லை. சமையலும் வண்டியிலேயே.

லூயிசா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குகைச் சந்தில் தவழ்ந்து அந்தப் பக்கம் வெளியே வந்து உச்சிக்கே போய்விட்டாள். கீழே ஏரிகளெல்லாம், யாரோ கேழ்வரகுக் கூழைச் சிந்திவிட்டுப் போன மாதிரி அங்கங்கே கிடந்தனவாம். தூரத்தில் மெல்லிசாக ஒரு புகை. எங்கள் ஊர்ப் புகை. "அந்தப் புகைக்குக் கீழ குந்திகினு அத்தே என்னைத் திட்டிகினு இருக்கும்னு நெனச்சேன், அக்கா. சிரிப்பு தாங்கல," என்றாள்.

திட்டவில்லை. அந்த ஐந்து நாளும் சவரியம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் சாப்பிட்டாள். ஆனால் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் இல்லாமல் லைனுக்கே காது அடைத்த மாதிரி இருந்தது.

ஆறாம் நாள் லூயிசா வந்தாள். வெயிலில் கறுத்து, கன்னம் உப்பி, மடியில் மலை நெல்லிக்காய். லைனின் முனையில் கால் வைத்ததும் நாலு வீட்டிலிருந்து ஒரே குரல்.

"அங்கயே நில்லு!"

சவரியம்மா ஓடி வந்தாள். மருமகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கை மட்டும் நீண்ட மூங்கில் கழியை நீட்டி வழியை மறித்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பழைய பாய், அவளுக்கு இருந்த இன்னொரு புடவை எல்லாம் கொளுத்தியாயிற்று. கேம்பிலிருந்து வருகிறவர்கள் ஒரு வாரம் லைனுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. புளியமரத்துக்கு அப்பால் கீற்றுச் சார்ப்பு ஒன்று தயாராக இருந்தது.

லூயிசா நின்றாள். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே வீட்டுக்குள் போகலாம். ஆனால் பங்களா வேலை போகும், இனி ஆயுசுக்கும் மலை கிடையாது, எரிந்த புடவைக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு வாரம் சார்ப்பு. அவள் திரும்பிச் சார்ப்பை நோக்கி நடந்தாள்.

அப்புறம் அந்த வாரத்தைக் கேளுங்கள். மாமியார் கோழி அடித்து ரசம் வைத்து அனுப்பினாள். மூங்கில் கழி நுனியில் தூக்குச்சட்டியை மாட்டி நான்தான் நீட்டுவேன். தண்ணீர் எடுக்க வேண்டாம், விறகு பொறுக்க வேண்டாம். எங்கள் லைனில் பிள்ளை பெற்றவளுக்குக்கூட அப்படி ஓய்வு கிடைத்ததில்லை. மூன்றாம் நாள் நான் கேட்டேன்.

"ஏண்டி, கேம்புல நெல்லிக்கா மரமா கீது?"

அவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு முழுக்கதையையும் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் கழி கைநழுவி ரசம் மண்ணுக்குப் போயிற்று. சிரித்து முடித்துவிட்டு வேண்டுதலைச் சொன்னேன். அவள் கையிலிருந்த நெல்லிக்காய் விழுந்தது.

"எந்த மலைக்கு?"

"அதே மலைக்குத்தான். உங்க அத்தே பவுரிங்பேட்டை வண்டிக்கு சொல்லி வெச்சிட்டாங்க."

"எனக்காகவா? அத்தேயா வேண்டிகிச்சு?" என்று கேட்டுவிட்டு விழுந்த நெல்லிக்காயை எடுத்துத் துடைத்தாள். பிறகு, "அக்கா, அங்க பொரி விக்கிற அம்மாவுக்கு என்னைத் தெரியுமே!" என்றாள்.

அடுத்த வாரம் மூவரும் போனோம். லூயிசா நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தாள். "இதான் மலையா, அக்கா?" என்று என்னைக் கேட்டாள். "படி நெறைய இருக்குமா?" என்றாள். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சவரியம்மா படிக்குப் படி உட்கார்ந்து எழுந்தாள்.

பொரிக்காரி இடுப்பில் கூடையோடு மேலிருந்து இறங்கி வந்தாள். முக்காடு என்ன செய்யும், நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறதே.

"மத்தெ பந்த்யா, தாயி?" என்றாள். மறுபடி வந்தாயா என்று கேட்கிறாள். அதோடு விட்டாளா? கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னடத்திலேயே பொரிந்தாள். துரைசானியம்மா வரவில்லையா, குரங்கு அந்த அம்மாவின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனதே, நீ பாறை மேல் தாவி ஏறிப் பிடுங்கி வந்தாயே, அந்தக் குரங்கு இன்னும் உன்னைத் தேடுகிறது, என்றாள்.

லூயிசா என்னைப் பார்த்தாள். அத்தைக்குக் கன்னடம் புரியாது என்று ஒரு நம்பிக்கை. புரியாமல் என்ன? காய்கறிக்காரியோடு தினம் கன்னடத்தில்தானே சண்டை போடுகிறாள்.

சவரியம்மா பொரிக்காரியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் ஒரு மரத்தைப் பார்த்தேன்.

சவரியம்மா எழுந்து மேலே போனாள். மாட்டு வாய்த் தண்ணீரில் தலை முழுகினாள். லூயிசாவின் தலையைப் பிடித்து அமுக்கி அவளையும் முழுக வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அமுக்கினாள் என்பதை நான் மறைக்க மாட்டேன். தலையைத் துவட்டினாள். பாறையில் உட்கார்ந்து எங்கள் பொட்டலத்திலிருந்த புளிச்சோற்றை முழுதும் தின்றாள்.

லூயிசா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "அத்தே, நான் ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடுடி. உனக்கு ஒண்ணும் வரல இல்ல? உசுரோட கீற இல்ல? வேண்டிகினது முடிஞ்சுது." விரலைச் சூப்பிவிட்டு, பாறைகளுக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். "அதுக்கு மேல இன்னா கீது?"

"கொகை, அத்தே."

"நீ போனியா?"

"போனேன்."

"அப்போ குந்திகினு இன்னா பண்ற? வழி தெரிஞ்சவ முன்னால நட."

முன்னால் லூயிசா இழுக்க, பின்னால் நான் தள்ள, சவரியம்மா ஏறினாள். சந்தில் மாட்டிக்கொண்டு ஏழு தலைமுறையையும் திட்டினாள். உச்சியில் நின்று ஏரிகளைப் பார்த்தபோது மட்டும் வாய் மூடியிருந்தது.

லைனுக்குத் திரும்பியதும் அந்தக் குகையைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று எல்லாரிடமும் சொன்னாள். நாங்கள் மறுக்கவில்லை.