பறிக்கக் கூடாத செண்டுமல்லி

எனக்கு எண்பத்திரண்டு வயது. வளர்த்தது ஏழு பிள்ளைகள், பெற்றது ஐந்து, மீதி இரண்டும் நாத்தனார் விட்டுப்போனவை. தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி இருக்கும் எங்கள் ஊரில், பனியன் போட்டும் போடாமலும் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன.

கிழக்கு வங்காளத்தில் ராணுவம் ஊர் ஊராகப் புகுந்து ஜனங்களைக் கொன்ற வருஷம், எங்கள் ஊர் மண்ணரையில் பக்கத்து வீட்டுக்குக் கல்கத்தாவிலிருந்து, பனியன் துணி பின்னும் மெஷினைப் பழுதுபார்க்கிற ஒரு நிட்டிங் மெக்கானிக் மனைவியோடு குடிவந்தார். அவளுடைய அக்கா பிள்ளைகளையும் அந்தத் தெருப் பிள்ளைகளையும் கிழக்கு வங்காளத்தில் ராணுவம் கொன்றுவிட்டதாம். எத்தனை பேர் என்று விரல் மடக்கிக் காட்டினாள். பத்தும் போதாமல் பதினொன்றாவதுக்கு என் விரலைப் பிடித்து மடக்கினாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியோரம் பதினொரு செண்டுமல்லி நட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயர். பெயர் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றுவாள். நானும் ஊற்றினேன், என் வாயில் அந்தப் பெயர்கள் பட்ட பாடு செடிகளுக்குத்தான் தெரியும்.

பூத்தன. பூவைச் செடியில் விட்டுவைத்தால் வீட்டுப் பெண்களைச் சோம்பேறி என்பார்கள் எங்கள் பக்கம். ஒரு காலையில் அத்தனையும் பறித்து, பனியன் கம்பெனி நூலில் நெருக்கித் தொடுத்து, அவள் வீட்டுச் சாமி படத்துக்கென்று பெருமையாக நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. அதற்குள் கற்றிருந்த தமிழில் சொன்னாள்:

"அக்கா, செடியிலேயே இருக்கணும். காயணும். விதை விழணும். அதுங்க திரும்பி வர வேற வழி இல்லை."

மொட்டுகள் மட்டுமே மிச்சம். அன்றிலிருந்து நானே காவல். கோவில் பண்டாரம் கூடையோடு வந்தார்.

"ஏனுங்க, சாமிக்கு நாலு பூக் குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"பூவில்லீங்க, பிள்ளைங்க. ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கேட்டுட்டுப் பறிச்சுக்கங்க."

பதினொன்றையும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது பெயரிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாமியாரை அப்படி அனுப்ப முடியுமா?

"ஏம்புள்ள, ஊட்டு முன்னால காஞ்ச பூவா நிக்குது. ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டுங்க அத்தை. என்னைக் குறை சொல்ல ஊருக்கு வேறென்ன கெடச்சிருக்குதுங்க?"

பூக்கள் காய்ந்து உதிர்ந்தன. மழைக்குப் பின் வேலியோரம் முளைத்ததை எண்ண முடியவில்லை. அவள் குந்தியபடி எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, பேர் பத்தாது!"

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை இது வரைக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டு. பதினொரு பேரை மட்டும் உன்னை எழுதச் சொல்லலை. அந்த இடம் வந்ததும் நிறுத்து, நான் வாயால சொல்றேன்.