விழுந்தவன் எழுந்து நிற்கணும்

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர்களில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. கழுத்தும் நீளம், காலும் நீளம், அதனால் கொக்கு. உயரத்தில் நின்றுகொண்டு கீழே இருப்பவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவான். யாருக்கும் கோபம் வராது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தவறி விழுந்தவன் அப்போதே எழுந்து, சாரத்தின் அடிப்பலகையிலாவது கால் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பயம் உடம்பில் குடியேறிவிடும், அப்புறம் அவன் தரைக்குத்தான் லாயக்கு என்பார்கள். அதைக் கொண்டுவந்ததே கொக்குதான்.

மழை விட்ட ஒரு காலையில் பலகை வழுக்கி அவனே விழுந்தான். செங்கல் அடுக்கில் மேல்முதுகு மோதி, தாடை நெஞ்சில் குத்தும்படி மடங்கிக் கிடந்தான். விலா நொறுங்கியிருந்தது, ஒரு கை தொங்கியது. கால்விரல்கள் மட்டும் ஆடின. கூட வேலை பார்த்த மச்சினன், அவன் பெண்டாட்டியின் தம்பி, பதறி ஓடி வந்தான்.

"மாமா, அப்படியே படுங்க. வண்டி வரட்டும்."

"போடா! எல்லாப் பயலையும் எழுப்பி நிறுத்தினவன் நான். நான் படுத்துக்கிட்டா எவன்டா மதிப்பான்? கையைக் குடு."

மச்சினன் கை கொடுத்தான். கொக்கு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து பலகையில் கால் வைத்தான். தோள்களுக்கு நடுவே ஏதோ நகர்ந்தது. கால் இரண்டும் யாருடையதோ ஆகிவிட, மூட்டை போலச் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். "முன்னாடி நெஞ்செலும்பு முறிஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி முதுகெலும்பும் உடைஞ்சிருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு கொஞ்சம் தாங்கும். ரெண்டும் போச்சுன்னா தாங்க எதுவும் இல்லை."

முன்கம்பும் பின்கம்பும் சேர்ந்து விட்டுப்போன சாரம் எப்படி நிற்கும்? கொக்கு கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்திரிச்சு நின்னதாலதான் கால் போச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"விழுந்தப்பவே நரம்பு நசுங்கியிருக்கலாம். அசைக்காம கொண்டுவந்திருந்தா... உறுதியாச் சொல்ல முடியலைம்மா."

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரோரமாய் ஒட்டிக்கொண்டான்.

"அவனை ஏன் முறைக்கிற? கை கேட்டது நான்" என்றான் கொக்கு.

கம்பி வைத்து முதுகை நிமிர்த்தினார்கள். உயிர் தங்கியது. கால் வரவில்லை. வீட்டுக்கு வந்தபின், ஒரு மத்தியானம் மச்சினனைக் கட்டிலருகே கூப்பிட்டான்.

"மாப்ள, இனிமே எவன் விழுந்தாலும் அசைக்காதீங்க. நான் சொன்னேன்னு சொல்லு."

மச்சினன் தரையைப் பார்த்தான். "நானே சொல்லிப் பாத்தேன் மாமா. போன வாரம் பெயிண்டர் ஒருத்தர் விழுந்தாரு. கொக்கண்ணன் வழக்கம்னு சொல்லி எழுப்பி நிக்க வச்சுட்டாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலை. மறுநாளே வேலைக்கு வந்துட்டாரு."

"அப்ப எல்லாரையும் இங்க கூட்டிட்டு வா. என்னை ஒருதரம் பாக்கட்டும். புரியும்."

"அதுக்கும் கூப்பிட்டுப் பாத்தேன்..."

"என்ன சொன்னானுங்க?"

மச்சினன் போர்வையை இழுத்து அவன் காலை மூடினான்.

"உங்களைப் பாத்துட்டா மறுநாள் மேல ஏற முடியாதாம் மாமா."