கவரைப்பேட்டைக்கு முன்னால்

போதகருக்குக் காய்ச்சல் வந்ததால், கும்மிடிப்பூண்டி சபையில் பிரசங்கம் செய்ய என்னை அனுப்பினார்கள். எனக்கு அதுதான் முதல் தடவை. கெட்ட குமாரன் கதையைப் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். பொன்னேரியில் கரி எஞ்சின் பாசஞ்சரில் ஏறியதும், பயத்தில் வாய்விட்டே படித்துப் பார்த்தேன்.

கவரைப்பேட்டை நெருங்கும்போது, எதிரே இருந்த மீன்காரம்மா கூடையோடு எழுந்தார்.

"நானும் கேட்டுக்கினே வரேன் சார். ஊட்ட வுட்டுப் போன புள்ள திரும்பி வந்தானா இல்லியா? நான் எறங்கணும்."

ஐந்து பக்கம் முடிந்திருந்தது. பையன் அப்போதுதான் வீட்டை விட்டு வாசலைத் தாண்டியிருந்தான்.

"வந்துட்டான்மா. அப்பா ஓடிப்போய்க் கட்டிப் புடிச்சுக்கினார்."

"அப்பாடா" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். சபையிலும் அவருக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன், ஒருவரும் தூங்கவில்லை.

இப்போதெல்லாம் பிரசங்கத்தைப் பொன்னேரியில் ஆரம்பித்தால், கவரைப்பேட்டை வருவதற்குள் பிள்ளையை வீடு சேர்த்துவிடுகிறேன்.