கடலில் அண்ணை என்றோர் இடம்

என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்ட பிறகு, மெமரி கார்டைச் செருகினால் தானாகத் திறக்காது. அதற்கென ஒரு சின்ன மென்பொருளை நிறுவினேன். திரை மூலையில் கார்டின் பெயர் வரும், சொடுக்கினால் திறக்கும். அந்தப் புதுமோகத்தில் கிடைத்த கார்டையெல்லாம் திறந்து பார்த்தேன்.

கணவரின் சிநேகிதர் மயிலிட்டியில் மீன்பிடிப்பவர். பழுதான ஜிபிஎஸ் கருவியின் கார்டைக் கொண்டுவந்தார். மீன் படும் இடங்கள் அதில் இருந்தன. புதுக் கார்டுக்கு மாற்ற வேண்டும். மீனவர்கள் அந்த இடங்களைக் கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லமாட்டார்கள்.

கோப்பு திறந்ததும், இடங்களைக் குறிக்கும் எண்கள் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தார்.

"இலக்கத்தைப் பாக்காதேங்கோ தங்கச்சி. பேரைப் பாருங்கோ, பரவாயில்லை."

வெள்ளைக்கல், கிழிஞ்சவலை, மூத்தமகள். எல்லாம் அவர் வைத்த பெயர்கள். நடுவில் ஒன்று, அண்ணை.

"உதிலை மீன் நல்லாப் படுமோ?" என்று கேட்டேன்.

"அங்கை வலை விடுறேல்லை. அண்ணையின்ரை படகு கவிண்ட இடம். போகேக்கை இஞ்சினை நிப்பாட்டி, கொஞ்சம் நிண்டிட்டுப் போவன்."

அவர் கை திரையை விட்டு விலகியிருந்தது. நான் எண்களைப் பார்க்கவில்லை.

இப்போதும் மூலையில் ஒரு கார்டின் பெயர் தெரிந்தால் கை துருதுருக்கிறது. ஆனால் "திறக்கட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சொடுக்குகிறேன்.