மணல்மேட்டில் ஒரு கரவன்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில், எஸ்பியர்க் நகருக்குப் பக்கத்து அகதி முகாமில் இருந்தேன். வசந்தம் பிறந்ததும், கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே வயதான டேனிஷ் தம்பதி ஒன்று படுத்துறங்க வசதியுள்ள கரவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. வெளியே அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். வாளித் தண்ணீரில் முகம் கழுவினார்கள்.

"பாவம், பிள்ளையள் வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டுதுகள் போல," என்றான் அறைத் தோழன்.

சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு போனேன். முகாமுக்கு வந்தபின் அன்றுதான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

கிழவரின் மனைவி நன்றியோடு வாங்கிக்கொண்டார். வெயிலில் சாய்ந்திருந்த கிழவர் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: ஸ்கீவ நகரில் பெரிய வீடு இருக்கிறதாம், ஓய்வு பெற்றபின் ஒவ்வொரு வசந்தத்திலும் ஆசைக்கு இப்படி வருவார்களாம்.

சிரித்துச் சமாளித்தேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது: அவர்களுக்கு வீடு இருந்தது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.