என் சாமை வயலில் நடந்த பாடம்

இன்று காலை காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி தன் இரண்டு பிள்ளைகளோடு என் சாமை வயலுக்கு வந்தார். பிள்ளைகள் வரப்பில் அடி வைத்து எண்ணி நடந்து, காகிதத்தில் கோடு போட்டார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் காட்டிலாகாக்காரர்களும் இப்படி அளந்துதான் ஆரம்பித்தார்கள்; முடிவில் மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

“ஏனுங்கம்மா, எதுக்குங்க அளக்கறீங்க?”

“இது பாடம். பள்ளிக்கூடம் எங்கள் சீமையில் இருக்கிறது. பிள்ளைகளைத் தனியாகக் கப்பலேற்ற மனமில்லை. நானே சொல்லித் தருகிறேன்.”

பெற்ற தாயே வாத்தியாராம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

சின்னப் பெண் படத்தைக் காட்டினாள். என் வயலேதான், நடுவிலிருக்கும் பாறை உட்பட.

எதற்கும் இருக்கட்டும் என்று, என் எல்லைக்கு அப்பால் ஓடும் ஓடையைக் காட்டி, “கண்ணு, வரப்பை அந்த ஓடை வரைக்கும் இழுத்துப் போட்டுரு சாமி” என்றேன். போட்டாள்.

துரைசாணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் அந்தக் கோட்டை மட்டும் தப்பென்று அடித்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இது வெறும் பாடமா?