மழையில் ஈன்ற சிவப்பி

இலுப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் சத்துணவு சமைப்பவள் சுகுணா. கணவன் கோபிநாத் குவைத்தில் டிரைவர். பிள்ளை இல்லாத வீட்டில் சிவப்பியைக் கன்றிலிருந்தே வளர்த்தவள் அவள்தான்.

கார்த்திகைப் புயல். விடாத மழையும் ஊதக்காற்றுமாக இருந்த ஒரு மதியம், நாள் நெருங்குவதற்கு முன்பே சிவப்பி கன்று போட்டது. போட்டுவிட்டுப் படுத்த மாடு எழவில்லை. கன்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாட்டின் காதைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது.

மாட்டு டாக்டரைப் போனில் பிடித்தாள்.

"கால்சியம் கொறைஞ்சிருக்கும்மா. மருந்து ஏத்துனா எந்திரிச்சிரும். ஆனா தரைப்பாலத்துல இடுப்பளவு தண்ணி போவுது, நான் எப்படி வாரது? மாட்டைச் சாய விடாம மூட்டையை முட்டுக்குடுங்க. கன்னுக்குட்டியத் தொடச்சுச் சூடு காட்டுங்க."

கன்றை அடுப்படிக்குத் தூக்கி வந்தாள். சாக்கால் துடைத்து, சாந்துச்சட்டியில் கங்கு அள்ளி வைத்து, பழைய சேலைகளைச் சுற்றித் தேய்த்தாள். நடுக்கம் நிற்கவில்லை. சீம்பாலைப் பீய்ச்சி வந்து விரலில் தொட்டு வாயில் வைத்தாள். நாக்கு அசையவில்லை. டாக்டருக்கு மறுபடி போன் போட்டாள்.

"சப்பலீங்க டாக்டர். ஊத்தி விடட்டுமா?"

"வேண்டாம்மா. பொரை ஏறி நெஞ்சுக்குள்ள போயிரும்."

பால் கையிலேயே ஆறியது.

கோபிநாத் வீடியோவில் வந்தான். "யாரையாச்சும் கூப்புடு சுகுணா."

"பக்கத்து வீட்டு வனிதா அக்கா வந்துச்சுங்க. அவுக வீட்டு ஓடு பறக்குதுன்னு ஓடிருச்சு. நான் மாட்டைப் பாப்பேனா, கன்னைப் பாப்பேனா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அங்கே யாரோ அரபியில் அதட்டினார்கள். போன் நின்றது.

கொட்டகைக்கும் அடுப்படிக்குமாக ஓடினாள். பொழுது சாய்கையில் கன்றின் நடுக்கம் நின்றது. "சூடு பிடிச்சிருச்சு" என்று வாய்விட்டே சொன்னாள். விரலை வாயில் வைத்துப் பார்த்தாள். முன்னைவிடக் குளிர்ந்திருந்தது. மூச்சு இல்லை.

தண்ணீர் வடிந்து டாக்டர் மறுநாள் காலையில்தான் வந்தார். மருந்து ஏறி முடிந்த கொஞ்ச நேரத்தில் சிவப்பி எழுந்து நின்றது. நின்றதும் சுற்றுமுற்றும் பார்த்துக் கத்தத் தொடங்கியது.

"ஒரு தடவ காட்டிட்டுப் பொதைங்கம்மா" என்றார்.

கொண்டுவந்து முன்னால் கிடத்தினாள். மாடு அதைத் தலையிலிருந்து வால்வரை நக்கியது. மூக்கால் முட்டி எழுப்பிப் பார்த்தது. எழவில்லை என்றதும் மறுபடி தலையிலிருந்து தொடங்கியது.

சுகுணா மண்வெட்டியோடு நின்றாள். வெட்டி வைத்த குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கன்றை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.